அக்காவின் டோக்கன்

12-8-1958. ஒரு தவறு செய்திருக்கிறேன். செல்லாத்தாளுக்கு விரல் போனது வலது கையில் என்று எழுதிவிட்டேன். அன்று அவள் எனக்குத் தண்ணீர்ச் சொம்பை நீட்டியது வலது கையால். அதில் ஐந்து விரலும் இருந்தன.

மாலை வகுப்பில் கணக்குப் பாடம் நடக்கும்போதே ரங்கராஜ் இதை நாட்குறிப்பில் எழுதினான். அதற்குமேல் உட்கார முடியவில்லை. பாதியில் எழுந்து காந்திபுரம் போய்ச் சூலூர் பஸ் ஏறினான். பகலில் அவன் பம்ப் கம்பெனி எழுத்தர். தொழிற்சங்கப் பத்திரிகைக்கு அவன் எழுதிய முதல் உண்மைக் கதை செல்லாத்தாளுடையது. அச்சுக் கோத்தாகிவிட்டது.

"இடதுதானுங்க" என்று செல்லாத்தாள் கையை நீட்டிக் காட்டினாள். "இதுக்காவ இத்தனை தூரமுங்களா? ஒரு கார்டு போட்டா ஆகாதா?"

வந்தது வந்தோம், வேறு பிழை இருக்கிறதா பார்ப்போம் என்று முழுவதையும் வாசித்துக் காட்டினான். காய்ச்சலில் கிடந்த அக்காள் மயிலாத்தாளுக்குப் பதிலாக, அவளுடைய வேலை அடையாள டோக்கனைக் காட்டிச் செல்லாத்தாள் மில்லுக்குள் போனது. ஆள் வேறென்று தெரிந்தும் மேஸ்திரி உள்ளே விட்டது. பல்சக்கரத்தில் இரண்டு விரல் சிக்கியது. அப்படியோர் ஆளே தங்களிடம் இல்லை என்று மில் மறுத்தது. செல்லாத்தாளின் கண் மின்னியது.

"அப்படியே போடுங்க. நாலு பேருக்குத் தெரியோணும்."

"ஏனுங்க தம்பி, அது எம்பட டோக்கன் இல்லீங்களா?"

வாசலில் சோற்றுத் தூக்குப்போசியோடு மயிலாத்தாள் நின்றிருந்தாள். மில் வேலை முடிந்து வந்தவள் எவ்வளவு கேட்டாளோ தெரியவில்லை. இவளை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று ரங்கராஜுக்கு இதுவரை தோன்றவே இல்லை.

"சங்கம் துணைக்கு நிக்குமுங்கக்கா" என்றான்.

"நிக்கட்டுமுங்க. டோக்கனைப் புடுங்கிட்டு என்னை வெளிய தள்ளுனா, சங்கம் வந்து எங்கூட்டுல உலை வெக்குமுங்களா?"

"எம்பட விரலு போச்சே அக்கா!"

"போச்சு கண்ணு. எனக்குப் பதிலாப் போய்த்தான் போச்சு. அது எனக்குத் தெரியாதா?" மயிலாத்தாள் போசியைக் கீழே வைத்தாள். "இப்ப எம்பட வேலையும் போனா ரெண்டு பேரும் எதைத் திங்கறது?"

செல்லாத்தாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்று இரவே சங்க ஆபீசில், மயிலாத்தாளின் வேலை போய்விடும் என்று ரங்கராஜ் சொன்னதற்குச் செயலாளர் லட்சுமணசாமி சிரித்தார். "பேரை மாத்திப் போடப்பா. அதுக்கென்ன?"

"அந்த மில்லுல ரெண்டு விரல் போனது ஒருத்திக்குத்தானுங்கண்ணா. பேரை மாத்துனாலும் ஆள் தெரிஞ்சுபோகும்."

"டோக்கன் விஷயத்தை எடுத்துடு."

"எடுத்தா, மில்லு ஏன் அவளை ஆளில்லைங்குதுன்னே புரியாதுங்க. பொய்க் கதையாயிரும்."

"நீ கதை எழுத வந்தியா, சங்க வேலை செய்ய வந்தியா? இது வெளிய வந்தா இப்படிப் பதிலுக்குப் போற பொம்பளைக எத்தனை பேருக்கு நல்லது! ஒருத்தியைப் பாத்தா முடியுமா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பது ரங்கராஜுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த நல்லதுக்கு விலை கொடுக்கப்போவது அவரும் இல்லை, அவனும் இல்லை.

"அந்த அக்கா சம்மதிக்கலீங்கண்ணா. நான் எழுதினது. போட வேண்டாமுங்க."

"மூணாம் பக்கம் வெள்ளையாப் போகுமா? உம்பட போட்டோவைப் போட்டுரட்டுமா?" லட்சுமணசாமி கோபத்தோடு பேனாவை மூடினார். "போ. அச்சகத்துல நீயே சொல்லிக்க."

அறைக்குத் திரும்பி அவன் எழுதினான்: செய்தது சரியா என்று தெரியவில்லை. மயிலாத்தாளின் வேலை தப்பும். செல்லாத்தாளுக்கு நடந்ததை யாரும் படிக்கப்போவதில்லை. நாளை வேலைக்குப் போகுமுன் அச்சகத்தில் மூன்றாம் பக்கத்துக்குக் கோத்த எழுத்தைக் கலைக்கச் சொல்ல வேண்டும். மாலை வகுப்புக்குப் போகாமல் சூலூர் போய், அவள் கதை வராது என்று செல்லாத்தாளிடம் நானே சொல்ல வேண்டும்.