எந்தப் பக்கம் ஊடு?

இதற்கு முன் கிருபா வேலை கேட்டுப் போன கம்பெனிகளில் எல்லாம் பேச்சு நன்றாகவே போகும். கடைசியில், ஊரில் எந்தப் பக்கம் வீடு என்று கேட்பார்கள். காலனி என்று அவள் சொன்னதும் அவர்கள் முகம் மாறிவிடும், வேலை கிடைக்காது.

இன்று பெரியநாயக்கன்பாளையம் பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டிக் காட்டினாள். மேனேஜர் நந்திதாவுக்குத் திருப்தி.

"காரமடையில எந்தப் பக்கமுங்க அம்மணி ஊடு?"

இங்கேயும் அதே கேள்விதான் என்று கிருபா நினைத்தாள். ஆனாலும் பொய் சொல்ல மனமில்லை.

"காலனிங்க."

"ராத்திரி ஷிப்டுக்கும் இப்ப பொம்பளைங்கள எடுக்கறமுங்க. ஊட்டு வாசல்லயே வண்டி கொண்டாந்து உடோணும், அதுக்குத்தான் கேட்டேன். திங்கக்கெழம வந்துருங்க."

வெளியே வந்ததும் கிருபா அம்மாவைப் போனில் அழைத்தாள். "வேலை கெடச்சுருச்சும்மா. காலனின்னு சொல்லியே கெடச்சுருச்சு" என்றவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.