ஏழாவது ஆள்

அலைகுரல் விசைப்படகு உரிமையாளர் சங்கத்தின் கமிட்டியில் பன்னிரண்டு ஆண்கள். பதின்மூன்றாவது ஆள் நான். எனக்கு ஓட்டு இல்லை.

மீன் விற்கும் பெண்கள் குழுவுக்கு யார் செயலாளரோ, அவர் இந்தக் கமிட்டியில் பதவி வழி உறுப்பினர் என்று சங்கத்தின் விதிப் புத்தகம் சொல்கிறது. இருபது வருஷமாக அந்த விதி இருக்கிறது. எனக்கு முன்னால் இருந்த செயலாளர்களை ஒரு கூட்டத்துக்கும் கூப்பிட்டதில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். பி.காம். முடித்ததற்காக இல்லை.

கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் ஏழு பேராவது உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குக் கோரம் என்று பெயர். படகுக்காரர்களில் பாதிப் பேர் கடலில் இருப்பார்கள். மீதிப் பேர் ஐஸுக்கும் என்ஜின் ரிப்பேருக்கும் அலைவார்கள். எப்போது எண்ணினாலும் ஆறு தலைதான் தேறும். ஒருமுறை ஆறு பேர் போட்ட தீர்மானத்தைப் பதிவாளர் ஆபீஸில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் பதினான்காம் விதியைத் திருத்தினார்கள்: பதவி வழி உறுப்பினருக்கு வாக்குரிமை கிடையாது, ஆனால் கோரக் கணக்கில் அவரும் சேர்வார். அதை டைப் அடித்துக் கொடுத்தது நான்தான். படிப்புக்கு ஒரு மரியாதை கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷத்தில் ஒன்பது கூட்டம். ஒவ்வொன்றுக்கும் போன் வரும். "ஜானட்டு, செத்த வந்து குந்திட்டு போம்மா." போவேன். மினிட் புத்தகம் எழுதுவேன். ஏழாவது ஆளாக எண்ணப்படுவேன். ஏற்றுமதி ஏஜெண்டுகள் மீன் எடுத்த பிறகுதான் பெண்கள் ஏலக்கூடத்துக்குள் வரலாம் என்று ஒரு தீர்மானம் போட்டார்கள். அன்றைக்கும் ஆறு பேரும் நானும்தான். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "நீ அங்க தான குந்தினு இருந்த?"



போன செவ்வாய்க்கிழமை பத்தாவது கூட்டம். மூன்றாவது பொருள்: ஏலக்கூடத்துக்குப் பக்கத்திலுள்ள ஷீட் போட்ட கொட்டகையை ஏற்றுமதி ஏஜெண்டுகளின் வேன் நிறுத்த விடுவது. அந்தக் கொட்டகையில்தான் என் அம்மா ஆலிஸும் இன்னும் முப்பத்து நாலு பெண்களும் கூடை வைத்து விற்கிறார்கள். இனிமேல் அவர்கள் துறைமுக கேட்டுக்கு வெளியே, கண்டெய்னர் லாரி போகிற ரோட்டோரம் உட்கார வேண்டும். அங்கே ஒன்பது மணி வெயிலுக்கே சங்கரா மீனுக்குக் கண் வெளுத்துவிடும். வெளுத்த மீனைக் கல்மண்டபத்திலிருந்து வாங்க வருகிற ஒருத்தியும் தொடமாட்டாள்.

ஆறு பேர் வந்திருந்தார்கள். தலைவர் லோகநாதன் டீயை உறிஞ்சிவிட்டு ஆரம்பித்தார். "வேன் நிக்க எடம் இல்லன்னா ஏஜெண்டுங்க வேற துறைமுகத்துக்கு பூடுவானுங்க. அப்பால நம்ம மீன யாரு எடுப்பா? நாளன்னிக்குள்ள துறைமுக ஆபீஸ்ல மனு குடுக்கணும். வுட்டா அட்த்த வருசம்தான்."

நான் கை தூக்கினேன்.

"ஒனக்குத்தான் ஓட்டு இல்லியே," என்றார்.

"ஓட்டுதான் இல்ல. பேசலாம். விதில கீது."

"பேசு பேசு. படிச்ச பொண்ணு பேச்ச கேட்டா காதுக்கு நல்லது."

பேசினேன். வெயிலைச் சொன்னேன், லாரியைச் சொன்னேன், போன மாதம் ரோட்டோரம் உட்கார்ந்திருந்த வரலட்சுமி அக்காவின் கூடையை டிரெய்லர் நசுக்கியதைச் சொன்னேன். எல்லாரும் பொறுமையாகத் தலையாட்டினார்கள். ஒருவர் போனைப் பார்த்தபடியே ஆட்டினார்.

"நல்லா பேசின," என்றார் லோகநாதன். "சரி, கைதூக்கலாமா? ஸ்டானிஸ்லாஸு, எண்ணிக்க."

சங்கத்துச் செயலாளர் ஸ்டானிஸ்லாஸ் என் ஞானத்தகப்பன். அம்மாவுக்கு அண்ணன் முறை. அப்பா போன பிறகு, காலேஜ் அப்ளிகேஷனுக்காக என்னோடு காலையிலிருந்து வரிசையில் நின்றவர். அவர் என் முகத்தைப் பார்க்காமல் எண்ணினார். "நம்ம ஆறு, ஜானட்டோட ஏழு. கோரம் கீது."

நான் மினிட் புத்தகத்தை மூடி மேஜை நடுவில் வைத்தேன். பேனாவை அதன் மேல் வைத்தேன். எழுந்தேன்.

"எங்க?"

"கெளம்பறேன். இப்ப ஆறு."

யாருக்கும் உடனே புரியவில்லை. நான் வாசலைத் தாண்டும்போதுதான் லோகநாதனின் குரல் வந்தது. "அட, அந்த டில்லிபாபுக்கு போன போடுய்யா." ஸ்பீக்கரில் கமிட்டி உறுப்பினர் டில்லிபாபு கத்தியது வராண்டா வரை கேட்டது. "டோல்கேட்டாண்ட மாட்டிகினு கீறேன் மாமு. கண்டெய்னர் லைன் நவுரவே இல்ல. ஒரு அவரு ஆவும்."

கூட்டத்தின் நடுவே கோரம் குறைந்தால் அரை மணி நேரம் காத்திருக்கலாம். அப்புறம் ஒத்திவைத்தே ஆக வேண்டும். மறுகூட்டத்துக்கு ஏழு நாள் நோட்டீஸ்; மனுவுக்கு மிச்சம் இரண்டே நாள். அந்த விதியும் நான் டைப் அடித்ததுதான்.

கொட்டகைக்குப் போய் அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷத்தில் ஸ்டானிஸ்லாஸ் மாமா வந்தார்.

"உள்ள வாம்மா. பேசக்கூட வேணாம். குந்தினு இருந்தா போதும்."

"அதத்தான் மாமா ரெண்டு வருசமா பண்ணிகினு இருந்தேன்."

"என் மானம் போவுது ஜானட்டு. நான்தான் ஒன்ன கூட்டியாந்தேன்னு லோகு சொல்லிக்காட்றான்."

இந்த மனிதருக்கு நான் பட்ட கடன் பெரிது. ஆனால் அந்தக் கடனுக்கு முப்பத்தைந்து பேரின் நிழலைக் கொடுக்க முடியாது.

"அப்ளிகேசன் வாங்க வெயில்ல நின்னீங்களே மாமா," என்றேன். "நெழலு இன்னா வெலைன்னு ஒங்களுக்கே தெரியும்."

அவர் அம்மாவைப் பார்த்தார். "நீயாவது சொல்லு ஆலிஸு."

"நான் இன்னாண்ணே சொல்றது," என்றாள் அம்மா, கத்தியை நிறுத்தாமல். "எனக்கும் ஓட்டு இல்ல."

அவர் திரும்பிப் போனார். அரை மணி முடிந்ததும் மறுபடி வந்தார், கையில் மினிட் புத்தகம். கோபம் இறங்காத முகம்.

"லோகு மூணு தபா எய்தி எய்தி அடிச்சிட்டான். நீயே எய்து. அட்த்த பொதுக்குழுல ஒன் வெதிய மாத்திடுவாங்க, பாத்துக்க."

"மாத்தட்டும். கோரத்துக்கு வேற ஆள் தேடிக்கட்டும்."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எழுதினேன். ஆஜர், ஏழு பேர். மூன்றாம் பொருளின்போது கோரம் குறைந்தது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. நேரம், பதினொன்று நாற்பது. கடைசியில் ஒரு வரி: மூன்றாம் பொருளை எதிர்த்துப் பேசி வெளியேறியவர், ஜானட், பதவி வழி உறுப்பினர்.

ஒன்பது கூட்டத்தின் மினிட்டையும் நான்தான் எழுதியிருக்கிறேன். வருகைப் பட்டியலைத் தவிர வேறு எங்கும் என் பெயர் வந்ததில்லை.

ஸ்டானிஸ்லாஸ் மாமா அந்த வரியை விரல் வைத்துப் படித்தார். அதை அடித்துவிடச் சொல்வார் என்று காத்திருந்தேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அதன் கீழே கையெழுத்துப் போட்டார். புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

"எய்தி முடிச்சியா?" என்றாள் அம்மா. "அந்த சங்கரா கூடைய இந்தாண்ட இழு. அந்தப் பக்கம் வெயிலு ஏறுது."