ஏழு ஊர் மீதும் ஓடிய இரண்டு கோடு

பனிச்சறுக்கைக் கொண்டாட அண்டோரா நாடு இரண்டு யூரோ நாணயம் ஒன்று அடிக்கப்போகிறது, அதில் சறுக்கப்போவது தான்தான் என்று தெரிந்த நாளிலிருந்து நார்சிஸ் தன் கடையில் யாருக்கும் விலை குறைக்கவில்லை. எங்காம்ப் ஊரில் சறுக்குப் பலகை விற்பவர். இளமையில் நாட்டுக்காகச் சறுக்கியவர். சாவதற்குள் நாணயத்தில் ஏறிவிட வேண்டும் என்பதே இப்போது அவருக்கிருந்த ஒரே ஆசை.

ஆனால் நாட்டின் ஏழு ஊர்களும் படத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்ட தாள், ஏழு பூட்டுப் போட்ட பழைய அலமாரிக்குள் போக வேண்டும். ஊருக்கு ஒரு சாவி. ஒருவர் முறுக்கிக்கொண்டாலும் அலமாரி திறக்காது.

நார்சிஸும் ஏழு ஊர்ச் சாவிக்காரர்களும் கூடியிருந்த மேசையில் ஓவியர் ரெமெய் தாளை விரித்ததும், சான்ட் ஜூலியாவிலிருந்து வந்த ஃபெர்மி சாவியை விரலில் சுழற்றினார்.

"எங்க ஊரு புகையில இல எங்கம்மா?"

"அண்ணே, இது பனி விளையாட்டு."

"பனியில நின்னு நாங்க புகைக்கலயா? இல வரலன்னா சாவி வராது."

இலைக்காகப் படத்தில் நார்சிஸின் இடது கை போயிற்று. எஸ்கால்டெஸ் அம்மாள் வெந்நீர் ஊற்றின் ஆவியைக் கேட்டாள். கால்கள் ஆவியில் மறைந்தன. கனில்யோக்காரர் தேவாலயக் கோபுரத்தை மார்பிலேயே நட்டார். மதியச் சாப்பாட்டுக்குள் மிஞ்சியது மூக்கு மட்டும்தான்.

"மூக்கையாச்சும் விடுங்கப்பா!"

"அதுல எங்க மலையேறற கம்பிவண்டியத் தொங்கவிட்டா அழகா இருக்கும் மாப்ள" என்றார் லா மசானாக்காரர்.

நார்சிஸ் வியாபாரி. மூக்கைப் பிடித்துத் தொங்கினால் அதுவும் போய்விடும், சரக்கையே மாற்ற வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"மூக்கையும் எடுத்துக்கோங்க. நான் சறுக்கிட்டுப் போன தடம் மட்டும் போதும். ரெண்டே கோடு."

"எங்க போடறது?" என்றாள் ரெமெய்.

"எந்த ஊருல பனி நல்லா இருக்கோ, அங்க."

அவ்வளவுதான். ஏழு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"எங்க மலையிலதான்!"

"உங்க மலையில பனியா? மே மாசத்துச் சேறு!"

"ஏம்மா, அந்தக் கோடு என் இல மேலயே ஓடட்டும்!" என்று மேசையில் குத்தினார் ஃபெர்மி.

இரண்டு கோடும் இலையில் ஏறி, கோபுரத்தைச் சுற்றி, ஆவியைக் கிழித்து, கம்பிவண்டிக்கு மேலாகப் பறந்து, ஏழு ஊரையும் தொட்டு இறங்கின. ஏழு சாவியும் திரும்பின.

நாணயம் வெளிவந்த வாரம், கையுறை வாங்க வந்த பிரெஞ்சுக்காரி ஒருத்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சறுக்கற ஆளையே காணோமே?"

நார்சிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான்தாங்க அது. வரையறதுக்குள்ள இறங்கிட்டேன்."