பீப்பாயும் பாய்ப்படகும்

எனக்குக் கோபம் மூக்கின்மேல். மைசூர் மண்டி மொஹல்லாப் பேட்டையில் நான் வேலை பார்த்த கட்டில் கடை முதலாளி, நான் இழைத்த பலகையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். உளியை அவர் காலடியில் வீசிவிட்டு வந்துவிட்டேன். அதன்பிறகு மைசூரில் ஒரு கடைக்காரரும் என்னை உள்ளே விடவில்லை. சொந்த ஊரான மார்டள்ளிக்கே திரும்பி அண்ணன் காட்டில் களை பிடுங்க வேண்டியதுதான் என்று மூட்டை கட்டிய நேரத்தில் நம்பி சாமி கூப்பிட்டனுப்பினார்.

கண்ணம்பாடி அணைக்கு நிலம் அளந்து ஓய்வுபெற்றவர். சீமைக்குப் போன ஒரு துரையிடம் அவர் வாங்கிய பாய்ப்படகு ஐந்து வருடமாக அவர் வீட்டு வாசல் கொட்டகையில் காய்ந்து கிடந்தது.

"சித்தையா, தசராவுக்கு முன்னாடி இத குக்கரஹள்ளி ஏரில எறக்கணும். நன்னா வந்துதுன்னா எங்க வாசகசாலைக்கு வேண்டிய அலமாரி, பெஞ்சு எல்லாம் ஒனக்குத்தான்" என்றார். ஒரு வருடத்து வேலை அது. என் முன்கதை தெரிந்தும் கொடுத்தார். அந்த மனசை நான் மறக்கவே மாட்டேன்.

பழைய வார்னிஷைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பலகைக்குப் பலகை நகம் நுழையும் இடைவெளி இருந்தது. கட்டில் செய்கிறவனுக்கு இடைவெளி என்றால் மானக்கேடு. மரத்தூளும் அரக்கும் குழைத்து இறுக்கி அடைத்து, இணைப்பே தெரியாமல் இழைத்துவிட்டேன். ஒன்பது நாள் வேலை.

என் மனைவி நாச்சம்மாள் சோறு கொண்டுவந்தவள், படகை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஏனுங்க, சந்தெல்லாம் இப்படி அடச்சுப்புட்டீங்களே. தண்ணியில போட்டா மரம் ஊதுமில்லீங்க? அதுக்கு எடம் வேண்டாமா? போன வருசம் நம்மூட்டுப் பீப்பாய்க்கும் இப்படித்தான் அரக்கு வெச்சீங்க. தண்ணி ஊத்துன மறுநாளே இரும்புப் பட்டை தெறிச்சுப் போச்சு."

"பட்டை செஞ்ச கொல்லன் மேல தப்பு. பீப்பாய்க்கும் படகுக்கும் வித்தியாசம் தெரியாதவ எனக்குச் சொல்ல வந்துட்டியா? போடி!"

நம்பி வீட்டார் எல்லாரும் பார்த்தார்கள். அவள் சோற்றுப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சோறு இறங்கவில்லை. இரண்டு துண்டுப் பலகைகளைச் சட்டத்தில் சேர்த்து ஆணியடித்து, இடையில் அரக்கை அடைத்து, யாருக்கும் தெரியாமல் கிணற்றடித் தொட்டியில் போட்டேன். மூன்றாம் நாள் எடுத்தால் அரக்கு பிதுங்கியிருந்தது. ஓர் ஆணி சட்டத்தைவிட்டு வெளியே வந்திருந்தது.

ஒன்பது நாள் வேலையையும் சுரண்டி எடுத்தேன். அந்த இடத்தில் பஞ்சுத் திரியை, எண்ணெயும் சுண்ணாம்புப் பொடியும் பிசைந்த மக்கில் தோய்த்து இளக்கமாக வைத்தேன். மேலே மூன்று கை வார்னிஷ். இதை வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

ஏரியில் இறக்கிய அன்று பாதித் தெரு வந்திருந்தது. சற்று நேரத்தில் படகுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். "ஆசாரி ஜல்லடை செஞ்சிருக்காரு!" என்று ஒருவன் கத்த, கூட்டம் சிரித்தது. நம்பி முகம் செத்துப்போயிற்று. என் கை கொட்டாப்புளிச் சுத்தியைத் தேடியது.

அதற்குள் நாச்சம்மாள் புடவையைச் செருகிக்கொண்டு படகில் ஏறிவிட்டாள். சந்துகளைக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். செம்பால் தண்ணீரை மொண்டு ஊற்றத் தொடங்கினாள்.

"சாமி, அஞ்சு வருசமா தாகத்துல கெடந்த மரமுங்க. மூணு நாள் குடிக்கட்டும். அப்பறம் பாருங்க."

நானும் ஏறினேன். இரண்டு பேரும் மூன்று நாள் மொண்டோம். மூன்றாம் நாள் மத்தியானம் செம்பு வெறும் மரத்தில் உரசியது.

நம்பி பாயை விரித்து ஏரியைச் சுற்றிவிட்டுக் கால் நனையாமல் வந்து இறங்கினார். அதே கூட்டத்தின் முன்னால், "என்ன கைடா ஒனக்கு! வாசகசாலை வேல ஒனக்குத்தான்" என்றார்.

தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

"சாமி, என் புத்திக்கு விட்டிருந்தா இது ஒடஞ்சிருக்குமுங்க. சொன்னது இவ. இவளத்தான் உங்க வூட்டு வாசல்ல வெச்சுத் திட்டுனேன்" என்றேன். அவள் பக்கம் திரும்பி, "நாச்சா, உன்னாலதான் நான் இந்த ஊர்ல நிக்கறேன்" என்றேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

அவள் புடவை நுனியைப் பிழிந்துகொண்டே, "அது கெடக்குதுங்க. அந்தப் பீப்பாய எப்பச் சரி பண்ணுவீங்க?" என்றாள்.

அந்த வாரமே புதுப்பட்டை போட்டேன். அரக்கு வைக்கவில்லை. நம்பி கொடுத்த மிச்ச வார்னிஷை வெளிப்பக்கம் இரண்டு கை அடித்தேன். தண்ணீர் ஊற்றியதும் ஒழுகித் தெரு முழுவதும் சேறானது. பக்கத்து வீட்டுக் கெம்பம்மா இடுப்பில் கைவைத்து என்னைத் திட்டித் தீர்த்தாள்.

எனக்குக் கோபமே வரவில்லை.

"மூணு நாள் பொறுத்துக்கக்கா" என்றேன்.