வாய் திறக்காத எட்டு விநாடி

எட்டு விநாடி முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தவன் நான். சிரிக்காதீர்கள். அந்நேரம் தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்புக்குள் புகுந்திருந்த யானைகள்கூட, ஊரில் என்னவோ குறைகிறதே என்று மட்டையை மெல்லாமல் நின்றதாகக் கேள்வி.

கொடுமுடிக் கோயிலில் எங்கள் மணிவிழா; மறுநாள் காலை பத்திரிகை அச்சுக்குப் போகவேண்டும். என் படம்தான் இல்லை. ஸ்டுடியோவில் உட்கார்ந்தால் முகம் விறைத்துவிடுகிறது. விறைக்காத நேரத்தில் வாய் திறந்திருக்கிறது.

"ஆதார் கார்டு மூஞ்சியப் போட்டீங்கன்னா, கொடுமுடிக்கு நான் வரமாட்டனுங்க," என்றாள் என் மனைவி ராசாத்தாள். "கண்ணாலத்தன்னிக்கு கரண்டு போயி, மெழுகுவத்தி வெளிச்சத்துல பார்த்தனே, அந்த மூஞ்சி வேணும்."

அவ்வளவுதானே! சாமான் அறை ஜன்னலைச் சாத்தி, முகத்துக்கு ஒரு பக்கம் மெழுகுவர்த்தி ஏற்றினேன். மறுபக்கம் வெளிச்சத்தைத் திருப்பிவிட எவர்சில்வர் தட்டு. செல்போனை ராகி டப்பாவில் சாய்த்து வைத்தேன். இருட்டில் அது படம் பிடிக்க எட்டு விநாடி. அதுவரை அசையக் கூடாது; அசைந்தால் ஒவ்வோர் அசைவும் படத்தில் தனியாகப் பதிந்துவிடும்.

வேடிக்கை பார்க்க வந்திருந்தார் சிநேகிதர் அப்துல் முத்தலிப். கோட்டைமேட்டில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

"எட்டு விநாடியா, பாலுசாமி? தூங்கறப்பவே பேசறவருங்க நீங்க!"

"பாருங்க."

பொத்தானைத் தொட்டேன்; எட்டு விநாடி ஓடத் தொடங்கியது. இருட்டிலிருந்து ஒரு குரல்: "ஏனுங்க?"

"சொல்லுங்க," என்றேன். படத்தில் எனக்கு இரண்டு வாய்.

மறுபடியும், "ஏனுங்க?"

"அட, என்னுங்க!" மூன்று வாய்.

கோயம்புத்தூர்க்காரன் 'ஏனுங்க'வுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதாவது! அதைத் தெரிந்துதான் அடிக்கிறார் முத்தலிப். இப்படியே ஒரு சந்தைக்குத் தேவையான வாய்கள் சேர்ந்துவிட்டன. மெழுகுவர்த்தியோ கட்டைவிரல் நகம் அளவுக்கு உருகிவிட்டது. வீட்டில் வேறு இல்லை.

கடைசி முறை பொத்தானைத் தொட்டேன். முத்தலிப் வாயெடுக்கும் முன்பே வாசற்படியில் ராசாத்தாள்.

"ஏனுங்க... படம் வந்துருமுங்களா?"

பதில் தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். கண் மட்டும் அவள் பக்கம் போய் அங்கேயே நின்றுவிட்டது.

எட்டு விநாடி முடிந்ததும் மெழுகுவர்த்தி அணைந்தது. படத்தில் பாதி முகம் நிழல், பாதி பொன். உதடு சேர்ந்திருந்தது. சொல்ல வந்ததெல்லாம் கண்ணில் இருந்தது.

"இதேதானுங்க," என்று ராசாத்தாள் போனைப் பிடுங்கிக்கொண்டு அச்சகத்துக்கு அனுப்பப் போனாள்.

முத்தலிப் விடவில்லை. பின்னாலேயே போய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"வாய் ஒண்ணுதான் இருக்குது அம்மணி. யாரு கேட்டாலும் நான் சாட்சி. பாலுசாமி பேசாம இருந்தாருங்க."