மாப்பிள்ளைக்கு முந்தி வந்த சிக்னல்

துளசிராம் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். பைக்கில் ஆன்டெனாவை எங்கே வைக்க வேண்டும், ஏன் அங்கே வைக்க வேண்டும் என்று அவர் ஒரு வருஷமாக எடுத்த வகுப்பெல்லாம் கலப்படமில்லாத உண்மை. அமெரிக்காவில் நெடும்பயணம் போகிறவர்கள் இணையத்தில் எழுதி வைத்ததை, சுங்குடிச் சேலைக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துத் தேறியவர் அவர். சிக்னல் வருகிறது என்றது மட்டும்தான் பொய்.

அந்தப் பொய்யின் மேல்தான் அவருடைய மஞ்சள் ஜாக்கெட் நின்றது.

வைகை வீலர்ஸ் என்பது ஞாயிறு காலையில் பெரிய பெரிய பைக்குகளில் கிளம்பி, எங்காவது போய்ப் பொங்கல் தின்றுவிட்டு வீடு திரும்புகிற ஒன்பது பேரின் சங்கம். மஞ்சள் ஜாக்கெட் போட்டவர் கேப்டன். கேப்டன் முன்னால் போவார், அவரை யாரும் முந்தக் கூடாது, எந்தக் கடையில் நிறுத்துவது என்று அவர் கைதான் காட்டும். துவைத்தால் ராசி போய்விடும் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து அந்த ஜாக்கெட் தண்ணீரைப் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை நாகமலை புதுக்கோட்டை டீக்கடை வாசலில் தேர்தல். நிற்கிற இரண்டு பேரும் வண்டிகளை அக்கம்பக்கமாக நிறுத்துவார்கள். யாருக்கு ஓட்டோ அவர் சீட்டில் ஹெல்மெட்டை வைக்க வேண்டும். தோற்றவர் தன் ஹெல்மெட்டையும் தன் கையாலேயே ஜெயித்தவர் சீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை ஏற்படுத்தியவர் ராஜகுரு. அப்போது அவர் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

ராஜகுரு நூல் வியாபாரி. துளசிராமின் தங்கை ரம்யாஸ்ரீயைக் கட்டியவர். இதில் ஒரு சங்கடம் இருந்தது. தங்கை வீட்டுக்காரரை 'நீ' என்று சொன்னால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகையால் இரண்டு பேரும் மரியாதை குறையாமல் திட்டிக்கொள்ளப் பழகியிருந்தார்கள். மரியாதை இல்லாமல் திட்ட வேண்டியிருந்தால் தங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்துக்கு மாறிவிடுவார்கள். மற்றவர்களுக்குப் புரியக் கூடாது என்பது ஏற்பாடு. சங்கத்தில் மிச்சமிருந்த ஏழு பேரும் இதற்குள் அந்த மொழியில் ஐம்பது வார்த்தை கற்றிருந்தார்கள். ஒன்றைக்கூட வெளியே சொல்ல முடியாது.

அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா மகன் ராஜேஷ்குமார் லீவில் வந்தபோது ஒரு சாட்டிலைட் ரேடியோவைப் பரிசாகக் கொடுத்தார். வானத்துச் செயற்கைக்கோளிலிருந்து நேராகப் பாட்டு இறங்கும், எம்புட்டுத் தூரம் போனாலும் ஸ்டேஷன் மாறாது என்றார். சரிதான், அமெரிக்காவில். அந்தச் செயற்கைக்கோள் மதுரைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. சிம்மக்கல்லில் வண்டி அலங்காரச் சாமான் கடை வைத்திருக்கும் பீர் முகமது, ரேடியோவை ஸ்பீக்கரோடு சேர்த்து முன்னால் பொருத்திக் கொடுத்தார். வடை அளவுக்குக் கறுப்பாக, அடியில் காந்தத்தோடு இருந்த ஆன்டெனா, பின்பெட்டியின் மேல் ஏறியது. ரேடியோ 'சிக்னல் தேடுகிறது' என்று காட்டியது. இரண்டு நாளாகத் தேடியது.

மூன்றாம் நாள் ஞாயிறு. விளாங்குடி டீக்கடையில் எல்லாரும் கூடியிருந்தார்கள்.

"என்ன மச்சான், பின்னாடி கருகின வடை ஒண்ணு ஒட்டிக்கிடக்கு?" என்றார் ராஜகுரு, மஞ்சள் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து.

"ஆன்டெனா, மாப்ள. சாட்டிலைட் ரேடியோ."

"வேலை செய்யுதா, இல்ல திருஷ்டிக்கா?"

இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் ஏழு பேர் டீயை ஊதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அமெரிக்காக்காரன் நேராப் பேசுறான்" என்றார் துளசிராம்.

"எங்க, போடுங்க கேப்போம்."

"இப்ப அங்க விளம்பரம் ஓடிக்கிட்டிருக்கு மாப்ள. அடுத்த வாரம் கேப்பம்."

திங்கட்கிழமை கடை திறக்கும் முன்பே அவர் சிம்மக்கல்லில் நின்றார்.

"பாய், ஒரு பென்டிரைவ் வேணும். இங்கிலீஷ்ல ஆள் பேசணும். நடுவுல பாட்டு வரணும். தமிழ் ஒரு வார்த்தை வரக் கூடாது."

"அமெரிக்கா இங்கிலீஷா, லண்டன் இங்கிலீஷாண்ணே?"

"அமெரிக்கா."

"இன்ஷா அல்லா, வியாழக்கெழம வாங்க."

பீர் முகமது எதற்கு என்று கேட்கவில்லை. எதற்கு என்று கேட்கிற கடைக்கு மதுரையில் யாரும் இரண்டாம் தடவை போவதில்லை.

அடுத்த ஞாயிறு விளாங்குடியில், ஸ்பீக்கருக்குள் செருகிய பென்டிரைவிலிருந்து பாப் என்று ஒருவன் பேசினான். இருமினான், சிரித்தான், கிடார் வாசித்தான். திண்டுக்கல் ரோட்டு லாரிச் சத்தத்தில் அவன் என்ன சொல்கிறான் என்று யாருக்கும் பிடிபடவில்லை. துளசிராமே மொழிபெயர்த்தார். டிஸ்பிளேயின் மேல் வெயிலுக்கு என்று சொல்லிக் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தது. ஒரு வாரம், செல்போனில் மழை பார்த்துவிட்டு வந்தவர், பாப் டிராக்டர் டயர் விற்றுக்கொண்டிருந்தபோது கையை உயர்த்தி, "பெரியகுளம் பக்கம் மழைங்கிறான். இன்னைக்கு அழகர்கோவில் போயிருவம்" என்றார். பெரியகுளத்தில் கொட்டித் தீர்த்தது. அந்த வருஷத் தேர்தலில் ஏழு ஹெல்மெட்டும் அவர் சீட்டில் ஏறின. எட்டாவதாக ராஜகுரு தன்னுடையதைக் கொண்டுவந்து வைத்தார். வைத்தபோது சௌராஷ்டிரத்தில் ஒரு வார்த்தை சொன்னார். அது ஐம்பத்தொன்றாவது.

ராஜகுரு அதே மாதிரி ஒரு ரேடியோவை வரவழைத்தார். ராஜேஷ்குமார் ரம்யாஸ்ரீக்கும் அண்ணன் முறைதானே. பீர் முகமதுவே பொருத்தினார். சிக்னல் வரவில்லை. தனக்கு வரவில்லை, மச்சானுக்கு வருகிறது என்றால் ராஜகுருவின் கணக்கில் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்: ஆன்டெனா வைத்த இடம்.

ஆக, வாராவாரம் துளசிராம் ஒரு குறை கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. முதலில் பெட்ரோல் டேங்கின் மேல் வைத்திருந்தார் ராஜகுரு.

"உங்க வயிறு பாதி வானத்தை மறைக்குது மாப்ள. சிக்னல் எந்தப் பக்கமா இறங்கும்?"

பின்பெட்டிக்கு மாற்றினார்.

"பிளாஸ்டிக் பெட்டி மேல சும்மா வச்சா ஆகாது. அடியில உள்ளங்கை அகலத்துக்காவது இரும்பு இருக்கணும். அப்பத்தான் ஆன்டெனாவுக்குப் பிடிமானம்."

இதுவும் உண்மைதான். ராஜகுரு எவர்சில்வர் தட்டை வாங்கி வைத்தார். காந்தம் ஒட்டாமல் பாத்திமா கல்லூரிப் பக்கம் ஆன்டெனா உருண்டு ஓடியது. அடுத்த வாரம் கறுப்பாக, அரை வட்டமாக அறுத்த இரும்புத் தகடு பெட்டியின் மேல் இருந்தது. திங்கட்கிழமை தங்கையிடமிருந்து போன்.

"அண்ணே, என் தோசைக்கல்லை அறுத்துட்டாரு உங்க மாப்ள. ஒரு வாரமா வீட்ல இட்லிதான்."

"வேற கல்லு வாங்கித் தரச் சொல்லும்மா."

"பின்னாடி உக்காந்தா என் தலை மறைக்குதாம். வண்டியில ஏத்த மாட்டேங்கிறாரு. அண்ணே, எங்கிட்ட மட்டும் சொல்லு. நெசமாவே உனக்கு அது வருதா?"

துளசிராம் கடை வாசலைப் பார்த்தார். ஆணியில் மஞ்சள் ஜாக்கெட் தொங்கியது. வாரத்தில் ஆறு நாள் அது அங்கேதான் தொங்கும், வருகிறவர்கள் கேட்க வேண்டுமே.

"வருதும்மா. கிளியரா வருது."

தோசைக்கல்லுக்குப் பிறகும் வராததால் ராஜகுரு சொந்த ஆராய்ச்சியில் இறங்கினார். தெருவில் உள்ள டிஷ்கள் எல்லாம் கிழக்கே சாய்ந்திருப்பதைப் பார்த்தார். திண்டுக்கல் போகும்போது ஆன்டெனாவை வலப்பக்கமும், திரும்பும்போது இடப்பக்கமும் மாற்றி ஒட்டினார். அதற்காகக் கூட்டம் முழுக்க ரோட்டோரம் நின்றது.

"மேல பாக்கணும் மாப்ள, கெழக்க இல்ல. உங்க மூளையையும் அப்படியே கொஞ்சம் திருப்பி வைங்க."

"உங்க மூளை எங்க இருக்குன்னு தேடத்தான் மச்சான் அந்த சாட்டிலைட்டே சுத்துது."

இப்படியே ஒரு வருஷம் போனது. மறுபடி தேர்தல் வந்தது.

அன்றைக்கு நாகமலைக்கு அந்தப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. ராஜகுரு எல்லாருக்கும் பின்னால் வந்து, தோசைக்கல் வண்டியைத் துளசிராம் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். முகத்தில் ஒரு அமைதி. அந்த அமைதிதான் துளசிராமுக்குப் பிடிக்கவில்லை.

"எனக்கும் வந்துருச்சு" என்றார் ராஜகுரு.

"என்ன வந்துருச்சு?"

"சிக்னல். வியாழக்கெழமையில இருந்து."

வராது என்று சொல்ல உலகத்திலேயே தகுதியுள்ள ஒரே ஆள் அவர். அவரால் மட்டும் அதைச் சொல்ல முடியாது.

"சந்தோசம் மாப்ள. என்ன சொல்றான்?"

"மழை கெடையாதுங்கிறான். தேனி ரோடு முழுக்கத் தெளிவாம்."

துளசிராம் மலையைப் பார்த்தார். ஓட்டுப் போட வந்தவர்களும் பார்த்தார்கள். சிமெண்டு ஏஜென்ட் நல்லகாமன்தான் கேட்டான்: "கேப்டன், உங்க ஆளு என்ன சொல்றான்?"

"மழைங்கிறான்" என்றார். வாய் முந்திக்கொண்டது. வானமும் அப்படித்தானே இருந்தது.

"இது நல்லாருக்கே" என்றாள் முத்துமீனா. சங்கத்தில் ஒரே பெண், வக்கீல், ஜாமீன் கேட்கிறவர்களிடம் பேசிப் பேசி யாரையும் நம்பாதவள். "ஒரே சாட்டிலைட்டு ஆளுக்கொண்ணா பேசுமா? ரெண்டு பேர்ல ஒருத்தர் புளுகுறீங்க. ரெண்டையும் போடுங்கண்ணே. நாங்களே கேட்டுக்கிறோம்."

இதுவரை இரண்டு ரேடியோவும் ஒன்றாக ஓடியதில்லை. துளசிராமுக்கு உள்ளங்கை வேர்த்தது. ராஜகுருவைப் பார்த்தார். ராஜகுருவின் நெற்றியும் வேர்த்திருந்தது. அப்போதே துளசிராமுக்குக் கொஞ்சம் புரிந்தது, மிச்சம் சுவிட்சைப் போட்டதும் புரிந்தது.

ராஜகுருவின் ஸ்பீக்கரில் ஒருவன் இருமினான். சிரித்தான். கிடாரை மீட்டினான்.

பாப்.

துளசிராமின் ஸ்பீக்கரில் பாப் இன்னும் டிராக்டர் டயரில் இருந்தான். ஒரு டீ ஆற்றுகிற நேரம் கழித்து, அங்கேயும் இருமினான். சிரித்தான். கிடாரை மீட்டினான்.

தேர்தலுக்குப் பாதுகாப்பாக, அதாவது இலவச டீக்காக, வந்திருந்த பீர் முகமது டீக்கடைப் பலகாரத் தட்டை ஆழமாகப் பார்த்தார். போண்டாவை எண்ணுகிறவர்போல் இருந்தது.

இரண்டு மைத்துனர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் ஒருவரை ஒருவர் முழுசாகப் புரிந்துகொண்டது அந்த ஒரு கணத்தில்தான். ஒருவன் வாயைத் திறந்தால் இரண்டு பேரும் போச்சு. துளசிராமுக்கு அந்தக் கணத்தில் மாப்பிள்ளையின் மேல் ஒரு பாசம்கூட வந்தது. சேர்ந்தே சமாளித்துவிடலாம், 'ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் வருது, வானிலையை நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்' என்று சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்தார். அதற்குள் ராஜகுரு கையைத் தட்டினார்.

"கேட்டீங்களா?" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "அதே ஆளு, அதே பாட்டு. ஆனா எனக்கு முன்னாடி வருது, மச்சானுக்கு லேட்டா வருது. அவரு கேக்குறது பழைய நியூஸ். அவருக்கு இப்பச் சொல்ற மழை எப்பவோ பேஞ்சு முடிஞ்சது."

"ஏன் லேட்டு?" என்றான் நல்லகாமன்.

"வேறென்ன, ஆன்டெனா வச்ச இடந்தான்" என்றார் ராஜகுரு. "பிளாஸ்டிக் மேல வச்சிருக்காரு. அடியில இரும்பு வேணும்னு எனக்குச் சொல்லித் தந்ததே அவருதான். பெரிய மனுசன், சொல்லுவாரு, செய்ய மாட்டாரு."

ஏழு தலைகள் துளசிராமின் பின்பெட்டியைப் பார்த்தன. அங்கே இரும்பு இல்லை. வராத சிக்னலுக்கு எதற்கு இரும்பு என்று அவர் வைக்காமல் விட்டிருந்தார்.

துளசிராம் பீர் முகமதுவைப் பார்த்தார். பென்டிரைவ் என்கிற ஒரு வார்த்தை போதும், மாப்பிள்ளை கவிழ்ந்துவிடுவார். பாய் வாயிலிருந்து வந்தால்கூடப் போதும்.

"லேட்டா வந்தாலும் கிளியரா வருதுல்லண்ணே" என்றார் பீர் முகமது ஆறுதலாக.

முத்துமீனாவின் ஹெல்மெட் முதலில் தோசைக்கல் வண்டியின் சீட்டில் ஏறியது. நல்லகாமன் அடுத்து. மற்றவர்கள் வரிசையாக. ஏழும் ஏறிய பிறகு எல்லாரும் துளசிராமைப் பார்த்தார்கள். அவர் தன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனார். போகிற வழியில் உண்மை தொண்டைக்குழி வரை வந்தது. அதைச் சொன்னால் ராஜகுரு நாலு நாள் பொய்யன், தான் ஒரு வருஷத்துக்கும் மேலான பொய்யன். விழுங்கினார். ஹெல்மெட்டை வைத்தார். ஐம்பத்திரண்டாவது வார்த்தையைச் சங்கம் அன்று கற்றுக்கொண்டது.

ஜாக்கெட்டைக் கழற்றி நீட்டினார். ராஜகுரு மோந்து பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டார்.

"ரெயின்கோட்டு யாரும் மாட்ட வேண்டாம்" என்றார் புதுக் கேப்டன். "தெளிவுன்னு சொல்லியாச்சு."

துளசிராமின் பெட்டியில் நல்ல ரெயின்கோட்டு ஒன்று இருந்தது. எடுக்கவில்லை. எல்லாரும் தேனி ரோட்டில் ஏறினார்கள். முன்னால் மஞ்சள் முதுகு, அதன் பின்னால் அறுத்த தோசைக்கல், அதற்கும் பின்னால், முந்தக் கூடாத தூரத்தில் துளசிராம். செக்கானூரணி தாண்டவில்லை, ரோட்டின் அந்தக் கோடியிலிருந்து மழை வெள்ளைச் சுவராக நடந்து வந்தது. ராஜகுருவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பாப்பின் சத்தத்தை இன்னும் கூட்டி வைத்தார். நிறுத்தக் கையைத் தூக்கவில்லை. தூக்க முடியாது.

துளசிராம் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார், நன்றாகப் பார்ப்பதற்காக. மஞ்சள் ஜாக்கெட் சுவருக்குள் நுழைந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அதன் மேல் தண்ணீர் விழுந்தது.

மழையும் மாப்பிள்ளைக்குத்தான் முதலில் வந்தது.