மூட்டை கட்டிய சேறு

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைக்குக் கிழக்கே கடலோரமாக ஒரு பற்றறிப் பட்டறை இருந்தது. பழைய வாகனப் பற்றறிகளை உடைத்து ஈயம் உருக்கி விற்றவர்கள், கழிவை நேரே கடலுக்குள் விட்டார்கள். பட்டறையைப் பூட்டிவிட்டு முதலாளி வெளிநாடு போய் ஆறு வருடமாகிறது. ஈயம் மட்டும் எங்கும் போகவில்லை. கடலடிச் சேற்றில் இறங்கிப் படுத்துவிட்டது.

அதைக் கண்டுபிடித்தவள் வினோஜா. கடலடி மண்ணை ஆராய்கிற பெண். அந்தக் கரையில் பெண்கள் பொறுக்கும் மட்டிச் சிப்பியைக் கொண்டுபோய்ச் சோதித்து, அதில் ஈயம் இருப்பதைக் கண்டுவிட்டு, கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் கனிசியஸிடம் வந்தாள். சேற்றைச் சுத்தம் செய்ய ஒரு வெளிநாட்டு நிறுவனம் உதவும் என்றாள். வழி இரண்டு இருந்தது. சங்கக் கூட்டத்தில் அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"ஒண்டு, சேத்துக்கு மேலை சிரட்டைக்கரியும் நல்ல மணலும் கலந்து ஒரு முழத்துக்கு மூடிவிடுறது. ஈயம் அடியிலையே கிடக்கும், மேலை வராது. மற்றது, முழுக்கத் தோண்டி வெளியிலை எடுக்கிறது. எடுத்தால் அதைக் கொண்டுபோய் வைக்க இடம் வேணும்."

"மூடிவைச்சால் எத்தினை வருசம் தாங்கும்?" என்று கனிசியஸ் கேட்டார்.

"கவனமாய்ப் பாத்தால் கனகாலம் தாங்கும். பெரிய புயல் வந்தால் சொல்லேலாது, அண்ணை."

கனிசியஸ் எழுந்து நின்றார். ஐம்பத்தெட்டு வயது. சுனாமியிலும் சண்டையிலும் இரண்டு தரம் வள்ளத்தை இழந்து, இரண்டு தரமும் எழும்பியவர். அவர் கதைத்தால் ஊர் கேட்கும். "நஞ்சை மூடிவைச்சிட்டு அதுக்கு மேலை நிண்டு மட்டி பொறுக்கச் சொல்லுறியளோ? வேண்டாம் பிள்ளை. எடுக்கிறதெண்டால் வேரோடை எடுப்பம்."

ஊர் கைதட்டியது. வினோஜா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு குனிந்து எழுதிக்கொண்டாள்.

ஆடி மாதம் மிதவையில் பெக்கோ இயந்திரம் ஏற்றிவந்து பன்னிரண்டு நாள் தோண்டினார்கள். கலங்கல் வெளியே போகாமல் சுற்றிவரத் திரை கட்டியிருந்தது. கறுத்த சேறு, அழுகிய முட்டை நாற்றம். அதைத் தண்ணீர் மட்டும் வடியக்கூடிய பெரிய துணி மூட்டைகளில் அடைத்து, சங்கத்தின் வலை காயப்போடும் வெளியில் அடுக்கினார்கள். மூன்று கிழமைதான் என்றார்கள். அதற்குள் வலிகாமத்தில் கல் வெட்டியெடுத்துக் கைவிடப்பட்ட கல்லுக்கிடங்கு ஒன்றுக்கு அடித்தளம் போட்டு, மூட்டைகளை அங்கே கொண்டுபோய்ப் போடுவது ஏற்பாடு. வெளியைக் கொடுக்கும் கடிதத்தில் கனிசியஸ்தான் ஒப்பமிட்டார்.

முதல் லொறி போன அன்றே திரும்பி வந்தது. கல்லுக்கிடங்குக்குப் போகிற ஒழுங்கையில் அந்த ஊர்ச் சனம் வழிமறித்துக் குந்திவிட்டது.

அடுத்த நாள் வினோஜாவோடு கனிசியஸும் அந்தக் கிராமத்துக்குப் போனார். வாசிகசாலையில் கூட்டம். புகையிலையும் வெங்காயமும் பயிர் செய்கிற சனம். இராசமலர் என்றொரு பெண் முன்னுக்கு வந்தார். கையில் தோட்டத்து மண் காயாமல் ஒட்டியிருந்தது.

"தங்கச்சி, இது சுண்ணாம்புக்கல். இஞ்சை ஊத்துற தண்ணி அடுத்த கிழமை பக்கத்துக் கிணத்திலை நிக்கும். அது உமக்குத் தெரியாதோ?"

"அடியிலை தடிச்ச பொலித்தீன் ரெண்டு அடுக்குப் போடுவம் அக்கா. ஒழுகாது," என்றாள் வினோஜா.

"ஒழுகினால்?"

இராசமலர் கனிசியஸின் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. "அண்ணை, உங்கடை கஷ்டம் விளங்குது. ஆனால் உங்களுக்கு உவ்வளவு பெரிய கடல் கிடக்கு. எங்களுக்கு இருக்கிறது ஒரு கிணறு."

சொல்ல எத்தனையோ யோசித்துக்கொண்டு வந்திருந்தார் கனிசியஸ். ஆனால் அந்த மனுசியின் இடத்தில் தான் இருந்தாலும் ஒழுங்கையில்தான் குந்தியிருப்பேன் என்று அவருக்குத் தெரிந்தது. கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு அலைச்சல்தான். ஒரு அரசாங்கக் கந்தோரில் இது கடல் சம்பந்தப்பட்டது என்றார்கள். அடுத்த கந்தோரில், கரைக்கு வந்துவிட்டதே, இனி இது குப்பை சம்பந்தப்பட்டது என்றார்கள். வேறு மாவட்டத்துக்கு அனுப்ப அனுமதி கேட்ட கடிதம் "மேலே" போயிருந்தது. கனிசியஸ் ஒரே சேட்டைத் தோய்த்துத் தோய்த்துப் போட்டுக்கொண்டு கிழமைக்கு இரண்டு நாள் போய், கந்தோர் வாங்குகளில் குந்திக் காத்திருந்தார். புரட்டாசியோடு நிறுவனத்தின் திட்டக்காலம் முடிந்தது. பெக்கோ போனது, காவலாளி போனான். மூட்டைகள் இருந்தன.

ஐப்பசியில் ஒருநாள் வினோஜா மூட்டையொன்றை விரலால் அழுத்தினாள். துணி நார் நாராகப் பிரிந்தது. "வெயில் தாங்கிற துணி இல்லை அண்ணை இது. உளுத்துப்போச்சு." விரலில் ஒட்டிய நாரை உதறினாள். "அடியிலை காத்துப் படாமல் கிடந்தவரைக்கும் ஈயம் சேத்தோடை ஒட்டிக் கிடந்தது. இப்ப காய்ஞ்சிட்டுது. மழை பட்டால் கழண்டு தண்ணியோடை போயிடும்."

"அப்ப என்ன செய்யிறது, பிள்ளை?"

"தறப்பாள் போடுவம்."

ஊர் முழுக்கத் தேடி, வள்ளம் மூடுகிற தறப்பாள் பதினாறு சேர்த்தார்கள். பாதிக்குத்தான் போதுமாயிருந்தது. கனிசியஸும் மனைவி மரியநாயகியும் நாளும் விடியமுன் எழும்பி, கடற்பக்கமாக மண்மூட்டை அடுக்கி வரம்பு கட்டினார்கள். உதவிக்கு முதலில் இருபது பேர் வந்தார்கள், பிறகு ஆறு பேர், பிறகு இவர்கள் இருவரும்தான்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை. இரண்டாம் நாள் காற்று தறப்பாள்களைக் கிழித்தது. மூன்றாம் நாள் பகல் வரம்பு உடைந்தது. கனிசியஸ் மண்வெட்டியோடு ஓடினார். ஒரு இடத்தை அடைக்க இரண்டு இடத்தால் வந்தது. கறுத்த தண்ணீர் அவருடைய கால்களுக்கு இடையால் ஓடிக் கடலில் கலந்தது. மரியநாயகி வந்து மண்வெட்டியைக் கையிலிருந்து எடுத்தார். "இஞ்சாருங்கோ, காணும், விடுங்கோ. வாங்கோ."

மழைவிட்டு ஒரு கிழமைக்குப் பிறகு வினோஜா சோதித்த முடிவோடு வந்தாள். உட்கார் என்றும் உட்காரவில்லை.

"முந்தி ஈயம் இடுப்பளவுத் தண்ணியிலை, சேத்துக்கு அடியிலை கிடந்தது. இப்ப கரையிலை, முழங்கால் தண்ணியிலை கிடக்கு. அள்ளினதிலை பாதிக்கு மேலை திரும்பிப் போயிட்டுது." கையிலிருந்த தாளை மடித்தாள். "மூடுறதுதான் நல்லமெண்டு நான் அண்டைக்கு அடிச்சுச் சொல்லியிருக்க வேணும். சொல்லேல்லை."

"சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டன்," என்றார் கனிசியஸ்.

அடுத்த நாள் காலை கரையில் போய் நின்றார். மட்டி பொறுக்குகிற பெண்களில் பலர் நண்டுக் கம்பனியின் வான் வண்டியில் ஏறி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். அறுபது கடந்தவர்களை அங்கே எடுப்பதில்லை. அப்படி ஒருவரான கத்தரீனா பனையோலை உமலை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். புருசனும் இல்லை, பார்க்கப் பிள்ளைகளும் இல்லை.

"கத்தரீனாக்கா, இறங்காதேங்கோ! இதிலைதான் இப்ப ஈயம் கூட."

அவர் திரும்பிப் பார்த்தார். "ஓம், அந்தப் பிள்ளை சொன்னது. அப்ப எங்கை இறங்கட்டும், தம்பி? நீயே இடத்தைச் சொல்லு."

கனிசியஸ் கரையின் இரண்டு பக்கமும் பார்த்தார். கத்தரீனா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீருக்குள் நடந்து, குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவத் தொடங்கினார்.